மொரீஷியசும் ரீயூனியனும் ஏன் இன்னும் நெருங்க வேண்டும்?

அண்டை உறவு என்றால் படிப்பு, வணிகம், ஆபத்து நேரம் எல்லாவற்றிலும் பக்கத்து ஊர்க்காரர் போலக் கை கொடுத்துக்கொள்வது. எங்கள் மொரீஷியசுக்கும் பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவுக்கும் நடுவே சுமார் 175 கி.மீ. கடல்தான். இரண்டு கரைக்கும் நம் முன்னோர் வந்தது கரும்புத் தோட்டத்துக்கு. தைப்பூசத்தன்று இரண்டு தீவிலும் அலகு குத்திக் காவடி எடுக்கிறார்கள். ஆனால் இங்கே பள்ளியில் தமிழ் படிக்கலாம், ரூபாய் நோட்டிலும் தமிழ் உண்டு. அங்கே பெரும்பாலும் பெயரிலும் பூசையிலும்தான் மிச்சம். இங்கிருந்து ஆசிரியர்கள் போய்வந்தாலே எவ்வளவோ மீளும்.

பங்காளி வீடு மாதிரிதான் இது: அடுப்பு தனி, குலசாமி ஒன்று. புயலும் ஒன்றுதான். அதைக் கண்காணிக்கும் வட்டார மையம் ரீயூனியனில். புயலுக்குப் பெயர் வைப்பது, அது உருவாகும் இடத்தைப் பொறுத்து, மொரீஷியஸ் அல்லது மடகாஸ்கர்.

அப்புறம், நெருக்கம் என்றால் இரண்டையும் ஒன்றாக இணைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 1982-இல் தொடங்கிய, இந்த வட்டாரத் தீவுகளின் கூட்டமைப்பான இந்தியப் பெருங்கடல் ஆணையத்தில் மொரீஷியஸ் தனி நாடாகவும், ரீயூனியன் பிரான்சின் பகுதியாகவுமே இருக்கின்றன.