பான்ஃபில் ஒரு குளிர்கால வேலை: முதலில் அறை, அப்புறம் மலை

பிராம்ப்டனில் படிப்பை முடித்துவிட்டு வேலை அனுமதியோடு இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டொராண்டோ பக்கம் வேலை அமையவில்லை. ஆல்பர்டாவில் பான்ஃப் என்கிற பனிச்சறுக்கு ஊரில் குளிர்காலத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். ஒரு சீசன் போய்ப் பார்க்கலாமா அண்ணா? அந்தக் குளிரை நம்மால் தாங்க முடியுமா? பி.ஆருக்கு (நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கு) அது கணக்கில் வருமா?"

போகலாம் தம்பி. நானும் அந்த ஊரில்தான் தொடங்கினேன். ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, காய் நறுக்கி, அடுப்புக்கு வந்து, இப்போது பக்கத்து ஊரான கான்மோரில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறேன். உங்கள் கேள்வியில் தங்குமிடம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பான்ஃப் ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஊர். 1885-இல் தொடங்கிய அந்தப் பூங்காதான் கனடாவின் முதல் தேசியப் பூங்கா. ஊரின் பரப்பு ஏறக்குறைய நாலு சதுர கிலோமீட்டர். அந்த எல்லையைத் தாண்டி ஒரு வீடு கட்ட முடியாது. 2021 கணக்கெடுப்பில் அங்கே 8,305 பேர். நிலம் முழுக்க மத்திய அரசுக்குச் சொந்தம், வீட்டுக்காரர்களே குத்தகைக்குத்தான் இருக்கிறார்கள். அங்கே குடியிருக்கவும் தகுதி வேண்டும்: அந்த ஊரில் வேலை பார்க்க வேண்டும், தொழில் நடத்த வேண்டும், அல்லது அப்படிப்பட்டவரின் குடும்பமாக இருக்க வேண்டும். பணக்காரர்கள் வீடு வாங்கிப் பூட்டி வைக்காமல் இருக்க இது நல்ல விதிதான். ஆனால் ஊர் வளர முடியாது, ஆட்களோ சீசனுக்கு சீசன் வந்து இறங்குகிறார்கள். வாடகைக்கு அறை என்று தேடினால் ஒரு மெத்தைக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள்.

அதனால்தான் ஓட்டல்காரர்களே ஸ்டாஃப் ஹவுசிங் என்று கட்டிடம் வைத்திருக்கிறார்கள். வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். வெளியில் கிடைப்பதைவிட அது மலிவு. வேலைக்கு மனுப் போடும்போதே, "தங்க இடம் உண்டா?" என்பதோடு நிறுத்தாமல் இன்னும் குடைந்து கேளுங்கள். ஒரு அறையில் எத்தனை பேர்? சமைக்க அடுப்பு இருக்கிறதா, மைக்ரோவேவ் மட்டுமா? முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும்? வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நான் இருந்த கட்டிடத்தில் ஒரு பையன் மேலாளரோடு வாக்குவாதம் முற்றி வேலையை விட்டான். மூன்றாம் நாள் இரண்டு பெட்டியோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றான். மைனஸ் இருபதுக்குக் கீழே குளிர். வேலையும் அறையும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டே போங்கள். கையில் ஒரு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வைத்திருங்கள்.

கான்மோரில் தங்கி வந்துபோகலாமே என்று தோன்றும். பூங்காவுக்கு வெளியே, காரில் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிறது, ரோம் (Roam) என்கிற உள்ளூர்ப் பேருந்து ஓடுகிறது. 1979 வரை நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்த இடம், 1988 ஒலிம்பிக்கில் சமதளப் பனிச்சறுக்குப் போட்டிகள் அங்கே நடந்த பிறகு முகமே மாறிவிட்டது. இன்றைக்கு அங்கே வாடகை பான்ஃபுக்குச் சளைத்ததில்லை. இரவு பதினொன்றுக்கு மேல் முடியும் ஷிஃப்ட் என்றால் பேருந்து நேரத்தைப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேலை. பனிச்சறுக்கு ஊர் என்றால் குளிர்காலம்தான் உச்சம் என்று நினைப்பீர்கள். பான்ஃபில் கூட்டம் அலைமோதுவது கோடையில்தான். சன்ஷைன், லேக் லூயிஸ், நார்க்வே என்ற மூன்று சறுக்கு மலைகளுக்காகக் குளிர்காலத்திலும் ஆட்கள் வருவார்கள். ஆனால் அந்தக் கூட்டம் விட்டு விட்டு வரும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை மூச்சுவிட நேரமிருக்காது. ஜனவரி இரண்டாம் வாரம் ஷெட்யூலைப் பார்த்தால் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்றிருந்தது இருபத்தைந்தாகச் சுருங்கியிருக்கும். பிப்ரவரியில் ஃபேமிலி டே விடுமுறை வாரம் மறுபடி நிரம்பும். ஏப்ரல் பாதியிலிருந்து மே பாதி வரை ஊரே தூங்கும். சம்பளம் குறைந்தாலும் அறை வாடகை குறையாது. ஆல்பர்டாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர் என்று 2018-இல் வைத்தார்கள். அதை நாற்பதால் பெருக்கிக் கனவு காணாமல், முப்பதால் பெருக்கிப் பாருங்கள். நேர்காணலில் "ஜனவரியில் எத்தனை மணி நேரம் உறுதி?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். பழகிய மேலாளர்கள் அந்தக் கேள்வியை மதிப்பார்கள்.

இதனால்தான் ஒரு சீசன் என்று கணக்குப் போடாதீர்கள் என்கிறேன். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ சேர்ந்து, அந்த வறண்ட ஏப்ரலையும் தாண்டி நின்றவனுக்குக் கோடையில் மணி நேரமும் கிடைக்கும், மேலே போகவும் வழி திறக்கும். குளிர்காலத்துக்கு வந்த பிள்ளைகள் பாதிப் பேர் மே மாதத்துக்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஆள்தான் அடுத்த சூப்பர்வைசர். நான் அடுப்புக்கு வந்ததும் அப்படித்தான்.

பி.ஆர். விஷயம் இங்கேதான் வருகிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். வேலைகளைத் தேவைப்படும் படிப்பு, பயிற்சியை வைத்து 0 முதல் 5 வரை அரசு பிரித்திருக்கிறது, அந்தப் படிக்கு டீர் (TEER) என்று பெயர். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற மத்திய அரசின் குடியேற்ற முறையில் கனடா அனுபவத்தின் பேரில் போக வேண்டுமென்றால், டீர் 0 முதல் 3 வரையுள்ள வேலையில், கடந்த மூன்று வருடங்களுக்குள், 1,560 மணி நேரம் சேர வேண்டும். படிக்கும்போது செய்த பகுதிநேர வேலை இந்தக் கணக்கில் சேராது. பாத்திரம் கழுவுவது, அறை சுத்தம் செய்வது, மேசையில் பரிமாறுவது எல்லாம் டீர் 5. வரவேற்பு மேசை டீர் 4. ஆனால் குக் டீர் 3, உணவகத்தில் சூப்பர்வைசர் டீர் 2. ஒரே கட்டிடம், ஒரே சீருடை, கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்குக் கணக்கு ஏறுகிறது, அந்தப் பக்கம் நிற்பவனுக்கு ஏறவில்லை. உங்கள் வேலை அனுமதி வாழ்நாளில் ஒரே ஒரு முறை கிடைப்பது; அதில் ஓடும் ஒவ்வொரு மாதமும் திரும்பி வராது. ஆகவே பாத்திரம் கழுவும் வேலைதான் கிடைத்தது என்றால் சேருங்கள், ஆனால் சேரும்போதே "இரண்டு மாதத்தில் என்னை குக் வேலைக்கு மாற்றுவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். மாறினால் பதவிப் பெயரும் செய்யும் வேலைகளும் கடிதத்தில் சரியாக வரட்டும். பெயர் மட்டும் குக், செய்வது பாத்திரம் என்றால் அது நிற்காது.

ஆல்பர்டா 2024 மார்ச்சில் சுற்றுலா, விருந்தோம்பல் துறைக்கென்று தனியாக ஒரு குடியேற்ற வழி திறந்தது. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது முழுநேரம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது அதில் முக்கியம். டீர் 5 வேலைகளும் அதில் உண்டு என்பதால் அறை சுத்தம் செய்பவர்களுக்கும் ஒரு கதவு இருக்கிறது. ஆனால் விருப்பம் தெரிவித்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் அழைப்பு வராது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன, மாகாண அரசின் தளத்தில் உள்ளதை மட்டும் நம்புங்கள். "பணம் கொடு, பான்ஃபில் வேலை வாங்கித் தருகிறேன்" என்று எவராவது வந்தால், அவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் விலகிவிடுங்கள். வேலை தேடித் தருவதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்குவது ஆல்பர்டாவில் சட்டவிரோதம். அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வேலை எப்படி இருக்கும் என்று ஒரு இரவைச் சொல்கிறேன். பிப்ரவரி சனிக்கிழமை, எட்டரை மணி. மலையிலிருந்து இறங்கியவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். ரேக்கில் தட்டுகளை அடுக்கி, தலைக்கு மேல் தொங்கும் ஸ்பிரே குழாயால் கழுவித் தள்ளி, மெஷினை இழுத்து மூடி, மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வரும் தட்டுகளைக் கையால் எடுக்க வேண்டும். ஆவியில் கண்ணாடி மங்கும், சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருக்கும். அந்தக் கோலத்திலேயே குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போக வேண்டும். அங்கே குப்பைத்தொட்டி கரடியால் திறக்க முடியாதபடி செய்தது: ஒரு இரும்பு மூடிக்குள் கையை நுழைத்து உள்ளே இருக்கும் தாழ்ப்பாளை அழுத்தினால்தான் திறக்கும். கரடிகள் தூங்கும் மாதம்தான், ஆனாலும் தொட்டி வருடம் முழுக்க அதேதான். ஈரக் கையோடு அந்த இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். திரும்பி உள்ளே வருவதற்குள் நனைந்த சட்டைக் கை அட்டை மாதிரி விறைத்திருக்கும். பின்வாசல் ஆணியில் ஒரு உலர்ந்த கையுறையும் பழைய ஜாக்கெட்டும் எப்போதும் மாட்டி வையுங்கள்.

சரி, குளிர். பான்ஃப் கடல்மட்டத்திலிருந்து 1,383 மீட்டர் உயரம். ஜனவரியில் மைனஸ் முப்பது வரும் நாட்கள் உண்டு. காற்றோடு சேர்த்த குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடா வானிலைத் துறை சொல்கிறது. பருத்தி பனியனும் ஜீன்ஸும் வியர்வையை உறிஞ்சி உடம்பிலேயே வைத்துக்கொள்ளும். உள்ளே மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்கள். காசைக் காலணியில் போடுங்கள். கோட்டு பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை. மார்ச் மாதத்தில் பகலில் உருகி இரவில் உறையும். ஆட்கள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வது அப்போதுதான். என்னைக் கேட்டால் குளிரைவிட இருட்டுதான் கஷ்டம். டிசம்பரில் எட்டே முக்காலுக்கு விடிந்து நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். மாலை ஷிஃப்டுக்காரர்கள் மதியம் வரை தூங்கினால் வெயிலையே பார்க்க மாட்டார்கள். எழுந்ததும் வெளியே இறங்கி, போ (Bow) என்கிற ஆற்றின் கரையில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள், வழியில் எல்க் என்கிற பெரிய மான் நின்றால் 30 மீட்டர் தள்ளியே போங்கள்.

சாப்பாட்டுக்கு, கால்கரியில் இறங்கியதும் நகரின் வடகிழக்குப் பக்கம் போய் அரிசி, பருப்பு, மசாலா வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக ரொம்ப நேரமாகும். சின்ன குக்கர் ஒன்று எடுத்துப் போனால் பெரிய உதவி. தாளிக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. கடுகு வெடித்துப் புகை எழுந்தால் கட்டிடம் முழுக்க அலாரம் அடிக்கும், எல்லோரும் பனியில் இறங்கி நிற்க வேண்டிவரும். வீட்டிலிருந்து தாளித்த பொடி, தொக்கு ஏதாவது அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்டாஃப் ஹவுசிங்கில் பெரும்பாலும் சின்ன வயசுப் பிள்ளைகள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், கியூபெக். தினம் ஒரு பார்ட்டி நடக்கும். பிடித்தால் போங்கள், பிடிக்காவிட்டால் மறுப்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஊரை நடத்துவது பிலிப்பைன்ஸ் குடும்பங்கள். அந்த அக்காக்களோடு பழகுங்கள். எந்த ஓட்டலில் மணி நேரம் குறையாது, எந்த மேலாளர் கடிதம் தருவார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தமிழ்க் குரல் அதிகம் கேட்காது. நகரசபையின் குடியேறியோர் சேவை அலுவலகம் இலவசம், படிவம் நிரப்பவும் உதவுவார்கள். தயங்காமல் போங்கள்.

பனிச்சறுக்கும் கற்றுக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு அந்த மலையில் ஒரு முறைகூட இறங்காமல் வந்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சறுக்கு மலையில் வேலை செய்தால் சறுக்குவதற்கான பாஸும் சேர்த்தே கிடைக்கும். முதல் நாள் வகுப்பில் சேருங்கள், ஹெல்மெட் போடுங்கள், பச்சை வட்டம் போட்ட எளிய பாதையை விட்டு, அதைவிடக் கடினமான நீலச் சதுரத்துக்குப் போக அவசரப்படாதீர்கள், கயிறு கட்டிய எல்லையைத் தாண்டவே கூடாது. விடுமுறை நாளில் விழுந்து கை முறிந்தால் தொழிலாளர் இழப்பீடு கிடைக்காது, அது வேலையில் படும் காயத்துக்கு மட்டும். மருத்துவ அட்டைக்கு வந்த முதல் மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். கையில் ஒண்டாரியோ அட்டை இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், புதியது வரும்வரை அது வேண்டியிருக்கும்.

குளிர்காலத்துக்கான ஆள் எடுப்பு செப்டம்பர், அக்டோபரில் சூடுபிடிக்கும். டிசம்பரில் வந்து கதவைத் தட்டினால் வேலை கிடைக்கலாம், படுக்கை கிடைக்காது. இப்போதே நாலைந்து ஓட்டல் சமையலறைகளுக்கு மனுப் போடுங்கள். கடிதம் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பதவிப் பெயர், மணி நேரம், அறை பற்றிய பத்தி மூன்றையும் எனக்குப் படித்துக் காட்டுங்கள். சேர்ந்து பார்ப்போம்.