பத்திரிகையிலிருந்து சபா நிர்வாகத்துக்குப் போக முடியுமா?

பத்திரிகை, அப்புறம் மக்கள் தொடர்பு, இப்போது கச்சேரிகள் நடத்தும் சபாவில் நிர்வாகம்: சென்னையில் இது எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுபடும். நிருபருக்கு எந்த நேரத்தில் செய்தி அனுப்பினால் படிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். பல சபாக்களில் அது தெரிந்தவர் இல்லை.

மார்கழியில் நாலு மணிக் கச்சேரி என்றால், மூன்றே முக்காலுக்கு மிருதங்கக்காரர் இன்னொரு சபாவிலிருந்து ஆட்டோவில் வந்துகொண்டிருப்பார். மேடையில் மைக் இரையும். பாடகர் முகம் சுருங்காமல் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கடத்துவதுதான் வேலையே. அச்சுக்குப் போகும் நேரப் பரபரப்பில் பழகியவருக்கு அது கைவரும்.

கற்க வேண்டியது கணக்குதான்: அரங்க வாடகை, சன்மானம், நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகைக்கான ரசீது. மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கிய பழம்பெரும் சபா; அவ்வளவு பெரிய இடத்தில் ஆரம்பிக்காதீர்கள். பேட்டைச் சபா ஒன்றில் இந்த டிசம்பர் முழுக்கக் கூடமாட நில்லுங்கள்.