பரீட்சை டென்ஷனுக்குப் பழைய சோறு உதவுமா?

பரீட்சை நெருங்கினாலே பதற்றம், வயிற்றைக் கலக்குகிறது, தயிரும் பழைய சோறும் சாப்பிட்டால் மனசு தெளியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உதவியது. எந்த அளவுக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். பி.காம். கடைசி வருஷம், கையில் இரண்டு அரியர். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டீ, மதியம் ஒரு பன், ராத்திரி அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். ஹால் டிக்கெட்டைப் பார்த்தாலே குமட்டும். ஒரு பரீட்சையில் பாதியில் எழுந்து கழிப்பறைக்கு ஓடினேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. அன்று ராத்திரி மிஞ்சிய சோறு ஆறியதும் சட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடி வைத்தார். காலையில் திறந்தால் லேசான புளிப்பு வாசனை. கையால் பிசைந்து, உப்பும் மோரும் விட்டு, நாலு சின்ன வெங்காயத்தை நசுக்கிப் பக்கத்தில் வைத்தார்.

அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஊறிய சோற்றிலும் மோரிலும் லாக்டிக் அமில பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. வெங்காயத்தில் நமக்குச் செரிக்காத ஒருவகை நார்ச்சத்து, இனுலின். குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்கு அதுதான் தீனி. ப்ரீபயாடிக் என்பது இதைத்தான். பூண்டிலும் வாழைப்பழத்திலும்கூட உண்டு. இட்லி மாவும் புளித்ததுதான், ஆனால் ஆவியில் வெந்ததும் அந்தக் கிருமிகள் செத்துவிடும். கடையில் விற்கும் விலை உயர்ந்த ப்ரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) பாட்டிலெல்லாம் தேவையே இல்லை.

குடலுக்கும் மூளைக்கும் நடுவே வேகஸ் நரம்பு வழியாகச் சேதி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. பயந்தால் வயிறு கலக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அயர்லாந்தில் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 45 பேரை வைத்து நான்கு வாரம் பார்த்து, 2022இல் வெளியிட்டார்கள். புளித்த உணவு, வெங்காயம், பழம், முழுதானியம், பருப்பு என்று சாப்பிட்டவர்கள் தாங்கள் உணர்ந்த மன அழுத்தம் 32 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள். பொதுவான உணவு ஆலோசனை மட்டும் கிடைத்தவர்களுக்கே 17 சதவீதம் குறைந்தது. ஆய்வும் சின்னது. அதனால் மருந்து என்று நம்பிவிடாதீர்கள்.

எனக்குக் குமட்டல் மூன்று வாரத்தில் விட்டது. பயம் விடவில்லை. அதற்கு ஆளோடு பேச வேண்டியிருந்தது. தூக்கம் வராமல், அழுகை அடங்காமல் இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சரி, சாப்பாட்டு விஷயம். பரீட்சை அன்று புதிதாக ஆரம்பிக்க வேண்டாம், பழகாத வயிறு பச்சை வெங்காயத்துக்கு உப்பிக்கொள்ளும். ஒரு மாதம் முன்பே கொஞ்சமாகத் தொடங்குங்கள். சோறு வழவழப்பாகிவிட்டாலோ கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். வீட்டில் வசதிப்படாவிட்டால் தெருமுனைக் கூழ் வண்டி இருக்கிறது. கேப்பைக் கூழைக் கட்டியாக வாங்காமல் மோர் நிறைய விட்டுக் கரைத்துத் தரச் சொல்லுங்கள். வெங்காயம் கேட்டால் கூடக் கொடுப்பார்கள்.