வாசகர் கேள்வி பதில்: பாரன் தம்பதியும் எரிந்துபோன சர்க்யூட்டுகளும்

கே: முழுக்க முழுக்க எலக்ட்ரானிக் ஒலியிலேயே பின்னணி இசை அமைந்த முதல் முழுநீள சினிமா எது? அதில் வாசித்தது தெரமின் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார்.

ப: 1956-இல் எம்.ஜி.எம். வெளியிட்ட 'ஃபர்பிடன் பிளானெட்'. இசை, நியூயார்க்கில் வாழ்ந்த லூயிஸ் பாரன், பீபி பாரன் தம்பதி. பந்தயம் கட்டியிருந்தால் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் தெரமின் ஒரு நொடிகூடக் கிடையாது. தெரமின் கேட்க ஆசையென்றால் 1951-இல் பெர்னார்ட் ஹெர்மன் இசையமைத்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' இருக்கிறது. தெரமின் வாசிப்பவரின் கையசைவுக்குக் கட்டுப்பட்ட வாத்தியம். பாரன்கள் ஒலி எழுப்பக் கட்டிய சர்க்யூட் அதைக் கட்டியவருக்கே கட்டுப்படாது.

கே: இருவரில் யார் என்ன வேலை பார்த்தார்கள்? மனைவி பெயர் சும்மா சேர்த்ததா?

ப: சும்மா சேர்த்ததாக நினைத்தால் அந்த இசை எப்படி உருவானது என்பதே பிடிபடாது. 1947-இல் கல்யாணம், பரிசாக வந்தது ஒரு டேப் ரெக்கார்டர். கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஸ்டுடியோ போட்டார்கள். உயிரினமானாலும் இயந்திரமானாலும் தன் செயலின் விளைவைத் தானே திரும்ப வாங்கி நடத்தையை மாற்றிக்கொள்ளும் என்று கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1948-இல் எழுதிய 'சைபர்நெட்டிக்ஸ்' நூல்தான் லூயிஸுக்குப் பாடப்புத்தகம். அதைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையொன்று சீண்டும் வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன் இருந்த கண்ணாடிக் குழாய்) சர்க்யூட்டுகளைக் கட்டினார். தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சாரம் கொடுப்பார். சூடு ஏற ஏற ரெசிஸ்டரின் (மின்தடையின்) மதிப்பு நகரும், சுருதி வழுக்கும், சர்க்யூட் அலறும், முனகும், கடைசியில் ஏதோ ஒரு பாகம் எரிந்து வாய் மூடிவிடும். அதே பாகங்களை வாங்கி மறுபடி சால்டர் வைத்தாலும் அதே ஒலி வராது. டேப் ஓடாத நேரத்தில் பாடியது போனது போனதுதான்.

இப்படிச் சேர்ந்த டேப்பை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு, தேறும் சில நொடிகளைப் பொறுக்கியவர் பீபி. வெட்டி ஒட்டுவதை இருவரும் செய்தார்கள். கத்தரி வேலையில் அவர்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1952-இல் டேப்பை வெட்டி ஒட்டிச் செய்த 'வில்லியம்ஸ் மிக்ஸ்' நாலேகால் நிமிடம்தான் ஓடும், ஆனால் எட்டு டிராக். அதற்கான நூற்றுக்கணக்கான ஒலிகளைப் பதிந்து கொடுத்தவர்கள் இவர்கள். சர்க்யூட் கொடுத்தது கச்சாப்பொருள், பொறுக்கிய காதுதான் இசையமைப்பாளர் என்பது எங்கள் கட்சி.

கே: அந்த ஒலியை வீட்டில் செய்து பார்க்க முடியுமா? என்னென்ன பாகம் வேண்டும்?

ப: அவர்கள் வைத்திருந்த சரக்கில் ஒன்றான ரிங் மாடுலேட்டரை, அதாவது இரண்டு ஒலிகளைக் கலந்து வேறு ஒலியாக்கும் சர்க்யூட்டை, ஒரு மாலையில் கட்டிவிடலாம். நாலு ஜெர்மானியம் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்), 1என்34ஏ வகை. சென்டர் டேப் (கம்பிச் சுற்றின் நடுவிலிருந்து வெளிவரும் இணைப்பு) உள்ள இரண்டு சிறிய ஆடியோ டிரான்ஸ்பார்மர். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் வரும் டிரைவர் டிரான்ஸ்பார்மரே போதும். டையோடைப் பத்தாக வாங்கி, மல்டிமீட்டரின் டையோடு ரேஞ்சில் அளந்து, ஏறக்குறைய ஒரே எண் காட்டும் நாலை எடுங்கள்.

ஒரு டையோடின் கோடு போட்ட முனை அடுத்ததன் கோடில்லாத முனையைத் தொடும்படி நாலையும் வட்டமாக இணையுங்கள். பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் சர்க்யூட்) கட்டிய பழக்கத்தில் இரண்டைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள், கவனம். எதிரெதிர் மூலைகள் இரண்டில் முதல் டிரான்ஸ்பார்மரின் சென்டர் டேப் சுற்றின் இரு முனைகள்; மற்ற இரண்டில் இரண்டாவதன் சென்டர் டேப் சுற்று. முதல் டிரான்ஸ்பார்மரின் மறுபக்கத்தில் குரல் அல்லது வாத்தியம், இரண்டு சென்டர் டேப்புகளுக்கு நடுவே ஆஸிலேட்டர் (ஒரே சுருதியில் ஒலி எழுப்பும் கருவி). இரண்டாவதன் மறுபக்கத்திலிருந்து ஆம்பிளிஃபையருக்கு எடுங்கள்.

440 ஹெர்ட்ஸும் 300 ஹெர்ட்ஸும் உள்ளே போனால் 740-உம் 140-உம் வெளியே வரும். கூட்டலும் கழித்தலும் மட்டும் மிஞ்சி, போட்ட இரண்டும் மறைய வேண்டும். இந்த எண்கள் ஒன்றுக்கொன்று ஸ்வர உறவில் அமையாததால்தான் காதுக்கு மணியடித்த மாதிரி, உலோகத்தனமாகக் கேட்கிறது. நீங்கள் பேசாதபோதும் ஆஸிலேட்டர் ரீங்காரம் கேட்டால் டையோடுகள் பொருந்தவில்லை அல்லது சென்டர் டேப் நடுவில் இல்லை. சிலிக்கான் டையோடு போட்டால் ஆஸிலேட்டர் சுமார் 0.6 வோல்ட்டைத் தாண்டாதவரை சத்தமே வராது. ஜெர்மானியத்துக்கு அதில் பாதி போதும்.

பாரன்கள் போல எரியவிட்டுப் பார்க்கிறேன் என்று வால்வு சர்க்யூட்டில் இறங்காதீர்கள். வால்வின் பிளேட் என்ற உள்தகட்டுக்கு 250 வோல்ட் சாதாரணமாக ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் சார்ஜ் நிற்கும். ஒன்பது வோல்ட் பேட்டரியில் நடத்தினால் சர்க்யூட் எரியாவிட்டாலும் நீங்கள் பிழைப்பீர்கள்.

கே: என்னிடம் ஓடும் நிலையில் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் இருக்கிறது. அந்தப் படத்து ஒலி போல இழுத்து, எதிரொலிக்க வைப்பது எப்படி?

ப: நொடிக்கு ஏழரை இஞ்ச் வேகத்தில் பதிந்ததை மூன்றே முக்காலில் ஓட்டுங்கள். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், நேரம் இரட்டிக்கும். அதை இன்னொரு மெஷினில் பதிந்து இதையே மூன்று தடவை செய்தால் ஒரு நொடி எட்டு நொடியாகும்; கீச்சென்றிருந்தது மிருகம் உறுமுவது போலாகும். ஒவ்வொரு பிரதிக்கும் டேப் இரைச்சல் கூடிக்கொண்டே வரும், முதல் பிரதியிலேயே சுமார் 3 டெசிபல். ஆகவே மூல ஒலியை மெஷினின் ஒலி அளவு மீட்டரில் முள் சிவப்பைத் தொடும் அளவுக்கு உரக்கப் பதியுங்கள்.

எதிரொலிக்கு இரண்டு மெஷின் வேண்டும். ஒரே டேப் முதல் மெஷினில் பதிவாகி, அடுத்ததன் ஹெட்டில் (டேப்பைத் தொட்டுப் படிக்கும் பாகத்தில்) ஒலிக்க வேண்டும். ஏழரை இஞ்ச் என்றால் நொடிக்கு 19 செ.மீ.; ஹெட்டுக்கு ஹெட் 57 செ.மீ. தள்ளி வைத்தால் மூன்று நொடி தாமதம். நடுவில் டேப் தொய்ந்தால் சுருதி நடுங்கும். திரும்பிவரும் ஒலியை முதல் மெஷினுக்குள் அதிகமாக விட்டால் ஊளைதான்.

ஒட்டுப்போடும்போது டேப்பை 45 டிகிரி சாய்வாக வெட்டுங்கள்; நேராக வெட்டினால் 'டிக்' என்று கேட்கும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தாலும் அதே 'டிக்'தான். சாதாரண செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும், ஹெட்டிலும் படியும்.

கே: டைட்டிலில் 'மியூசிக்' என்று இல்லாமல் 'எலக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்' என்று வருவது ஏன்?

ப: 'இசை' என்று போட்டால் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தோடு வம்பு வரும் என்று ஸ்டுடியோ பயந்தது. தம்பதி இருவரும் அந்தச் சங்கத்தில் இல்லை. ஆர்கெஸ்ட்ராவுக்கும் வேலை இல்லை. அதனால் இசைக்கான ஆஸ்கார் பட்டியல் பக்கமே அது போகவில்லை. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு மட்டும் படம் பரிந்துரையானது. ஒலி அமைப்பாளர் வேலையையும் இசையமைப்பாளர் வேலையையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு இரண்டு பெயருமே மறுக்கப்பட்டது.

கே: இவ்வளவு பெயர் வாங்கியும் ஹாலிவுட்டில் அடுத்த பெரிய படம் வரவில்லையே, சங்கத் தகராறுதான் காரணமா?

ப: அது மட்டும் என்று சொல்வது எளிது. வேலை முறையையும் பாருங்கள். எம்.ஜி.எம். தலைவர் டோரி ஷாரியை அவர் மனைவியின் ஓவியக் கண்காட்சியில் பிடித்து வாய்ப்பு வாங்கினார்கள். முதலில் பேசியது சுமார் 20 நிமிட ஒலிக்கு. கேட்டுப் பார்த்தபின் முழுப் படமும் கைக்கு வந்தது. ஹாலிவுட் ஸ்டுடியோவுக்குப் போகாமல் நியூயார்க்கில் தங்கள் இடத்திலேயே முடித்தார்கள். காட்சியை எடிட்டிங்கில் நாலு நொடி குறைத்தால் ஆர்கெஸ்ட்ராவை மறுபடி வாசிக்கச் சொல்லலாம். எரிந்த சர்க்யூட்டை என்ன சொல்வது? தேதி குறித்து வேலை செய்யும் தயாரிப்பாளருக்கு இது சரிப்படாது. 1960-களின் நடுவில் மூக் சிந்தசைசர் என்ற எலக்ட்ரானிக் வாத்தியம் வந்தபிறகு கட்டையை அழுத்தினால் கேட்ட ஸ்வரம் கிடைத்தது. பாரன்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

1962-இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1970-இல் விவாகரத்து, ஆனாலும் 1989-இல் லூயிஸ் இறக்கும்வரை சேர்ந்தே வேலை செய்தார்கள். பீபி 2008-இல் காலமானார்.

கே: இப்போது இப்படி இரட்டையர் இருக்கிறார்களா?

ப: இருவராகச் சேர்ந்து எலக்ட்ரானிக் ஒலியில் படங்களுக்கு இசையமைக்கும் டிரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ். 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்துக்கு 2011-இல் ஆஸ்கார் வாங்கியவர்கள்.

கே: பாரன்களின் மற்ற வேலைகளில் எதைப் பார்க்கலாம்?

ப: முதலில் இயன் ஹ்யூகோவின் 1952 குறும்படம் 'பெல்ஸ் ஆஃப் அட்லாண்டிஸ்'. அடுத்து ஷெர்லி கிளார்க் நியூயார்க் பாலங்களை வைத்து 1958-இல் எடுத்த 'பிரிட்ஜஸ் கோ ரவுண்ட்'. அதே படத்துக்கு இரண்டு ஒலித்தடம் உண்டு. ஒன்று டியோ மாசெரோவின் ஜாஸ், மற்றொன்று பாரன்களுடையது. ஜாஸை முதலில் கேட்டுவிடுங்கள்.