கேள்வி - பதில்: அம்மாவுக்கு ஷியாட்சு ஏற்றதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. கழுத்திலும் தோளிலும் ஓயாத வலி. ஷியாட்சு என்ற ஜப்பானிய அழுத்தச் சிகிச்சை முழு உடலுக்குமே நல்லது என்கிறார் உறவினர் ஒருவர். அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அழைத்துச் செல்லலாமா?
- ஒரு வாசகி

பதில்: மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் அழைத்துச் செல்லாதீர்கள். இத்தகைய மருந்து சாப்பிடுபவர்களுக்கு, அழுத்திய இடத்தில் எளிதில் ரத்தம் கன்றிவிடும். கை மரத்துப்போவதோ வலுவிழப்பதோ இருந்தால், பரிசோதனைதான் முதலில் வேண்டும்.

‘ஷி’ என்றால் விரல், ‘அட்சு’ என்றால் அழுத்தம். இம்முறையைப் பரப்பிய டொகுஜிரோ நமிகோஷி, ஹொக்கைடோ தீவில் சிறுவனாக இருந்தபோது, மூட்டுவலியால் அவதிப்பட்ட தம் தாயின் உடலை விரல்களால் அழுத்திவிட்டதில்தான் இதைக் கண்டறிந்ததாகக் கூறியவர்; 1940இல் டோக்கியோவில் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். ஜப்பானில் இத்தொழிலைச் செய்ய மூன்றாண்டுப் படிப்பும் அரசுத் தேர்வும் கட்டாயம். எனவே, சிகிச்சை தருபவர் எங்கே, எத்தனை காலம் பயின்றார் என்று தயங்காமல் கேளுங்கள்.

தரையில் விரித்த மெத்தையில், உடுத்திய உடையோடு, எண்ணெயின்றிப் படுக்க வைப்பார்கள். தேர்ந்தவர் விரல் பலத்தால் குத்துவதில்லை. கையை நீட்டி, தம் உடல் எடையைக் கட்டைவிரலின் மெத்தென்ற பகுதியில் மெல்ல இறக்கி, சில நொடிகள் நிறுத்தி, அதே நிதானத்துடன் எடுப்பார். ஷிசுட்டோ மசுனாகா வகுத்த முறையில், வலி கழுத்தில் இருந்தாலும் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். ‘முழு உடல்’ என்பதன் பொருள் இதுதானே தவிர, எல்லா நோயும் தீரும் என்பதல்ல. ‘கி’ என்னும் உயிராற்றல் ஓடுவதாகச் சொல்லப்படும் பாதைகளை உடற்கூறியல் உறுதிப்படுத்தவில்லை. நமிகோஷியே தசை, நரம்பு ஆகியவற்றைக் கொண்டுதான் விளக்கினார். ஆயினும், இறுகிய தசை தளர்வதும் மனம் அமைதியடைவதும் சிறிய பயன்கள் அல்ல என்றே நான் கருதுகிறேன்.

மருத்துவர் அனுமதித்தால், சிகிச்சைக்கு முன்பே மாத்திரையின் பெயரைச் சொல்லி, மென்மையாக, உள்ளங்கையால் மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். மூளைக்கு ரத்தம் செல்லும் தமனிகள் இருப்பதால், கழுத்தின் முன்புறத்தையும் பக்கவாட்டையும் அழுத்தவே கூடாது. அம்மா “வலிக்கிறது” என்றால் அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டும்.