ஜெர்மனியில் ஆடையின்றிக் கடலில் குளிப்பது எப்படி வழக்கமானது?

பலர் நினைப்பதுபோல இது ஹிப்பிகள் தொடங்கிவைத்த கூத்து அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலைப்புகையும் நெரிசலான குடியிருப்புகளும் ஜெர்மன் நகரங்களைத் திணறடித்தபோது, வெயிலும் காற்றும் மேனியில் பட்டால் பாதி நோய் தீரும் என்று கிளம்பிய 'வாழ்க்கைச் சீர்திருத்த' இயக்கத்தின் பிள்ளை இது. புலால் மறுப்பு, மது விலக்கு, இயற்கை வைத்தியம் எல்லாம் அதே கூட்டத்தாரின் கொள்கைகள்தான். ஆக, ஆடையைக் களைந்தவர்களில் பலர் கடுமையான ஒழுக்கவாதிகள்!

1920களில் பெர்லினில் அடோல்ஃப் கோச் என்ற ஆசிரியர் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆடையில்லா உடற்பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1933இல் நாஜி அரசு தடை போட்டது. பின்னர் தன் இனவாதத்துக்கு ஒத்துவந்த சங்கங்களை மட்டும் விட்டுவைத்தது.

சுவையான கட்டம் கிழக்கு ஜெர்மனியில்தான். 1954இல் பால்டிக் கடற்கரையில் அதிகாரிகள் இதைத் தடுத்தார்கள். மக்கள் விடுவதாக இல்லை. மனுக்கள் குவிந்தன. 1956இல் குறிப்பிட்ட இடங்களில் அனுமதி கிடைத்தது. எதற்கெடுத்தாலும் கட்டுப்பாடு விதித்த அரசு, இந்த ஒன்றில் பணிந்துபோனது வியப்புதான். 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின், மேற்கிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் அதே கடற்கரைகளைப் பார்த்து முகம் சுளிக்க, தகராறுகள் எழுந்தன.

கடற்கரையில் இன்று இந்த வழக்கம் குறைந்துவருகிறது. 'சானா' எனப்படும் வெப்பக் குளியல் கூடங்களில் அப்படியில்லை. பெரும்பாலானவற்றில் ஆணும் பெண்ணும் ஆடையின்றியே சேர்ந்து அமர்கிறார்கள். நீச்சலுடையோடு நுழைந்தால் ஊழியர் கழற்றச் சொல்வார். மரப்பலகையில் வியர்வை படாமல் துண்டு விரித்து உட்காராவிட்டால் அதற்கும் கண்டிப்பாகத் திட்டு விழும்.