காலை பலகாரத்த விட்டா எடை குறையுமா டாக்டர்?

கேள்வி: வயசு 43, ஊர் தேவகோட்டை. எடை 78 கிலோ, உயரம் 156 செ.மீ. மூணு வருஷமா சுகர், காலையில மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுறேன். ரெண்டு மாசமா இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், மதியம் 12ல இருந்து ராத்திரி 8 வரைக்குந்தான் சாப்பாடு. 2 கிலோ குறைஞ்சு அப்படியே நின்னுடுச்சு. 11 மணி வாக்குல கை நடுங்குது, வேர்க்குது, பழகிடும்ங்கறாங்க. தொடரலாமா?

பதில்: எடைய அப்புறம் பேசுவோம்மா, மொதல்ல அந்த 11 மணி நடுக்கம். அது பழகுற விஷயம் இல்ல, சுகர் இறங்குறப்ப உடம்பு காட்டுற அடையாளம். கிளிமிபிரைடு கணையத்த தூண்டி இன்சுலின சுரக்க வைக்கிற மாத்திரை, வயித்துல சாப்பாடு இருக்கா இல்லையான்னு அது பாக்காது, அதனாலதான் அத அன்னைக்கு மொத சாப்பாட்டோட போடச் சொல்றோம், நீங்க காலையில மாத்திரைய போட்டுட்டு 12 வரைக்கும் வெறும் வயித்தோட இருந்தா சுகர் இறங்கத்தான் செய்யும். மெட்ஃபார்மின் மட்டும்னா இந்த பயம் ரொம்ப கம்மி.

எங்கிட்ட வர்ற ஒரு ஆச்சி இதே மாதிரி இருந்தவங்க, ஒரு நாள் வளவுல தூண புடிச்சபடியே உக்காந்துட்டாங்க, கையில இருந்த டம்ளர் ஆடி காப்பி பூரா சேலையில, மீட்டர்ல பாத்தா 52. மருமக சக்கரை தண்ணி கலக்கி குடுத்ததால பொழச்சாங்க. 70க்கு கீழ போனாலே லோ சுகர். நடுக்கம் வந்தா மூணு டீஸ்பூன் சக்கரைய தண்ணில கரைச்சு குடிங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணுங்க, ஏறலேன்னா இன்னொரு தடவ குடிங்க, சரியானதும் ஏதாவது சாப்டுடுங்க. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, நாளைக்கே காலை பலகாரத்த ஆரம்பிச்சுட்டு உங்க டாக்டர பாருங்க.

இப்ப எடை. காலைய விடுறதுல தனி மந்திரம் ஒண்ணும் இல்லம்மா. சீனாவுல 139 பேர ஒரு வருஷம் வச்சு பாத்தாங்க, 2022ல வெளிவந்துச்சு, எல்லாருக்கும் ஒரே அளவு கலோரி கட்டுப்பாடு, பாதி பேர் மட்டும் 8 மணி நேரத்துக்குள்ள சாப்பிடணும், கடைசில ரெண்டு பக்கமும் எடை குறைஞ்சுச்சு, ஆனா சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. மொத்தமா எவ்ளோ உள்ள போகுதுங்கறதுதான் கணக்கு.

அந்த கணக்குல நம்ம ஊர் சாப்பாட்ட கொஞ்சம் பாருங்க. 12 மணிக்கு அகோரப் பசியோட உக்காந்தா சோறு ரெண்டு தடவ வாங்குவோம், 4 மணிக்கு இடைப்பலகாரம்னு குழிப்பணியாரமும் காரச் சட்னியும், பேசிக்கிட்டே தேன்குழல் நாலு, எல்லாமே 8 மணிக்குள்ளதான், விரதம் கெடல, ஆனா ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயே 120 கலோரி. உங்க 2 கிலோ நின்னதுக்கு காரணம் பெரும்பாலும் இங்கதான் இருக்கும்.

விரதம் இருந்தே ஆகணும்னா அத ராத்திரி பக்கம் தள்ளுங்க. 7 மணிக்குள்ள சாப்பாட்ட முடிச்சுட்டு காலையில 7, 7.30க்கு சாப்டா பன்னெண்டு மணி நேரம் தானா கிடைச்சுடும், உங்களுக்கு இப்போதைக்கு அதுவே போதும். காலையில ரெண்டு இட்லியோட ஒரு முட்டையோ ஒரு கப் சுண்டலோ சேத்துக்கங்க, புரதம் இல்லாம எடை குறைஞ்சா கொழுப்போட தசையும் சேந்து கரையும். கவுனி அரிசி நல்லதுதான், ஆனா சக்கரையும் தேங்காயும் நெய்யும் போட்டு கிண்டுனா அது இனிப்புதான்மா. சாப்டப்புறம் பத்து பதினைஞ்சு நிமிஷம் நடங்க, வீட்டுக்குள்ளயே நடந்தாலும் சரி.

உங்க எடைக்கு 4 கிலோ குறைஞ்சாலே சுகர்ல மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், அத நாலஞ்சு மாசத்துல குறைச்சா போதும், அவசரமே வேணாம். டாக்டர பாக்க போறப்ப ஒரு வாரம் காலை வெறும் வயித்துலயும் 11 மணிக்கும் எடுத்த ரீடிங்க எழுதிட்டு போங்க, கிளிமிபிரைடு டோஸ குறைக்கணுமான்னு அத வச்சுத்தான் அவர் முடிவு பண்ணுவார்.